பெட்டிக்கு வெச்ச பொட்டு

சார், அதுல கை வெக்காதீங்க. ஒரு நிமிசம். அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வெச்சிட்டு இப்படி உக்காருங்க. தடுக்கல சார், உங்களத் தடுக்க நான் யாரு. முதலாளி சொல்லித்தான வந்திருக்கீங்க. கேமராவுல படம் கருப்பா வருதுங்கறீங்க, பாத்துத்தான் ஆகணும். நான் சொல்றத மட்டும் கேட்டுட்டு அப்புறம் தொடுங்க. அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு. ஒண்ணு இருபதுக்கு வண்டிய எடுக்கணும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன்.

என் பேரு கலியபெருமாள். பெரம்பலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவுல இந்த வண்டில பதினோரு வருசமா கண்டக்டர். அன்னிக்கு நீங்க இந்தப் பெட்டிய மாட்ட வந்தப்ப பின்னாடி நின்னு ஒருத்தன் சிரிச்சான்ல, அது நான்தான். டிரைவரு கண்ணப் பாத்து அவருக்குத் தூக்கம் வருதான்னு இந்தப் பெட்டி கண்டுபிடிச்சிரும்னீங்க. நல்லா முழிச்சிருக்கவன் கண்ணு ஒரு எடத்துல நிக்காது, ரோடு, சைடு கண்ணாடி, மீட்டரு, திரும்ப ரோடுன்னு குருவி மாதிரி தத்திக்கிட்டே இருக்கும்னீங்க. தூக்கம் வர்றப்ப மொதல்ல அந்தத் தத்தலு நின்னுபோகும், கண்ணு தொறந்தேதான் இருக்கும், ஆனா ஒரே எடத்துல குத்திக்கிட்டு நிக்கும்னீங்க. அப்புறம் சிமிட்டுறது நீளும்னீங்க. தூங்கப்போறோம்னு அந்த ஆளுக்கே கடைசிலதான் தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் நான் சிரிச்சது. பதினோரு வருசமா உள்கண்ணாடில அண்ணன் கண்ணப் பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்.

இப்ப சிரிப்பு வரல சார். பயமா இருக்கு.

அண்ணன்னா தனிஸ்லாஸ் அண்ணன். இந்த வண்டி டிரைவரு. உங்களுக்குத் தெரியும், அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தாரே. இருபத்தேழு வருசமா ஓட்டுறாரு, ஒரு கோழி மேல ஏத்தினதில்ல. பொம்பளைங்க கைப்பிள்ளையோட எறங்கினா அவங்க ரோட்டோரம் போய்ச் சேர்ற வரைக்கும் வண்டிய நகட்ட மாட்டாரு. எனக்குக் கல்யாணப் பொண்ணு பாக்க வந்தவரே அவருதான். அப்பேர்ப்பட்ட மனுசனை இந்தப் பெட்டி என்ன பாடு படுத்திருச்சு தெரியுமா. மத்தியான ட்ரிப்புல கீக்கீக்குனு கத்தும். கத்திட்டு ஒரு பொம்பளைக் குரல்ல 'டேக் ரெஸ்ட்'ங்கும். முன்சீட்டு காலேஜ் புள்ளைங்க சேந்துக்கிட்டு அதே மாதிரி சொல்லும். "டிரைவரண்ணே, வீட்லேருந்து அண்ணி கூப்புடுறாங்க"ன்னு ஒருத்தி சொல்லுவா, பஸ்ஸே சிரிக்கும். அண்ணன் காது ரெண்டும் சிவந்துபோகும்.

ஒரு நாளைக்கு மூணு தடவ கத்துனா முதலாளி போனுக்குப் போயிருமாம். மறுநாள் வீட்ல உக்காரணும். ஒரு தடவ அப்படி ஆயிருச்சு. அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா சார். அண்ணிக்குச் சொல்லாம காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டு வந்து நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நான் ஒவ்வொரு ட்ரிப்பும் வந்து எறங்கறப்ப அதே எடத்துல இருந்தாரு. "இருபத்தேழு வருசம் ஓட்டிட்டேன் கலியா, இனிமே இந்த டப்பா எனக்கு சர்ட்டிபிகேட்டு குடுக்கணுமா"ன்னாரு. என்னால அதப் பாக்க முடியல. வேற ஒண்ணுமில்ல சார், அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போடுறது நான்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஸ்டேரிங்குக்குச் சந்தனம் குங்குமம், பிள்ளையாருக்கு ஒரு முழம், அண்ணனோட மாதா படத்துக்கு ஒரு முழம். அன்னிக்கு என் வீட்டுக்காரி வளர்மதியோட ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒண்ணு சட்டைப் பையில கெடந்துச்சு. வாங்கிட்டு வரச் சொன்னது, குடுக்க மறந்துட்டேன். கருப்பு, பெரிய சைசு. வண்டில எல்லாத்துக்கும் பொட்டு வெச்சமே, இதுக்கு மட்டும் ஏன் விடணும்னு தோணுச்சு. இது கண்ணு பட்டுத்தான மனுசன் இப்படி ஆனாரு, இதுக்கே திருஷ்டிப் பொட்டு வெச்சா என்னன்னு வெளையாட்டாத்தான் வெச்சேன். சரியா பெட்டியோட கேமராக் கண்ணாடி மேலயே உக்காந்துருச்சு. கருப்பு மேல கருப்பு. கிட்ட வந்து பாத்தாலும் தெரியாது. பெட்டியோட செவப்பு லைட்டு எப்பவும்போல எரிஞ்சுது. சத்தம் மட்டும் நின்னுபோச்சு.

அண்ணங்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா அந்த நிமிசமே உரிச்சிருப்பாரு, அவரு அப்படி. நல்லதுக்குத்தான் சொல்லாம விட்டேன்.

பெட்டி வாய மூடின மூணாம் நாளு அண்ணன் எங்கிட்ட வந்து, "பாத்தியா கலியா, மத்தியானச் சோத்தைக் குறைச்சேன், மீன் கொழம்ப நிறுத்தினேன், இது அடங்கிருச்சு"ன்னாரு. சின்னப் புள்ளைக்குப் பரீட்சையில பாஸ் போட்ட மாதிரி அப்படி ஒரு சந்தோசம். ஆமாண்ணேன்னேன். அதுலேருந்து அவரு பெட்டிய மதிக்க ஆரம்பிச்சிட்டாரு சார். காலையில வந்ததும் துணியால அதத் தொடைப்பாரு. பொட்டு மேலயே தொடைப்பாரு.

அதுக்குள்ள பொங்கல் வந்துருச்சு. மாத்து டிரைவர் ராஜாங்கம் ஊருக்குப் போனவன் திரும்பல. தை பொறந்தா கல்யாணக் கூட்டம் வேற. முதலாளி போனை எடுத்துப் பாத்தாரு. பெட்டி ஒரு தடவகூடக் கத்தல. "தனிசு, நீ முன்னவிட நல்லா இருக்கேயா, ரெண்டு டூட்டியும் நீயே பாத்துக்க"ன்னாரு. அண்ணனும் பெருமையா சரின்னுட்டாரு. காலையில நாலரைக்கு மொத வண்டி, ராத்திரி கடைசி சிங்கிள் ட்ரிப்பும் அவரே. எட்டு நாளாச்சு.

இப்ப நீங்க என்னை அப்படிப் பாக்காதீங்க சார். ரெண்டு டூட்டி குடுத்தது நானா. ராஜாங்கத்தை ஊருக்குப் போகச் சொன்னது நானா. நான் ஒரு பொட்டு வெச்சேன், அவ்வளவுதான.

அதுவும் சும்மா வெக்கல. எங்களுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அந்த தைரியத்துலதான் வெச்சேன். ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ, அது எல்லா வண்டிக்கும் உள்ளது. எங்க வண்டில மூணாவது ஒண்ணு உண்டு. மத்தியானம் கூட்டம் கண்ணசர்ற நேரத்துல, நான் பின்னாடியிருந்து வாயில இருக்கற விசில நாக்கு நுனியால அடக்கிச் சின்னதா ஒரு ஊது ஊதுவேன். அண்ணே, முழிச்சிருக்கீங்களான்னு அர்த்தம். அவரு ஹாரனை லேசாத் தொட்டு ஒரு 'பாம்' குடுப்பாரு. இருக்கேன்டான்னு அர்த்தம். பதினோரு வருசத்துல ஒரு நாள் அந்த பாம் வராம இருந்ததில்ல. எங்களுக்குள்ள இது இருக்கறப்ப மெஷினு எதுக்குன்னு நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

திங்கக்கிழமை. இதே ஒண்ணு இருபது வண்டி. வெயிலு சுள்ளுனு இல்ல, தை மாசத்து எளம் வெயிலு, காத்து வேற. முக்காவாசிப் பேரு தூங்கிட்டாங்க. சித்தேரிமேடு தாண்டி ரோடு நேரா போகும் பாருங்க, அங்க இப்ப மக்காச்சோளம் அறுப்பு. பாதி ரோடு வரைக்கும் சோளத்தைக் கொட்டிக் காயப்போட்டு, வண்டி ஏறாம இருக்க ஓரத்துல கல்லு அடுக்கி வெச்சிருப்பாங்க. நான் முன்னாடி வந்து அண்ணன் பின்னாடி நின்னு டிக்கெட்டு கிழிச்சிக்கிட்டிருந்தேன். வழக்கம்போல சின்னதா ஒரு விசில் விட்டேன். அண்ணன் பாம்னாரு. சரின்னு டிக்கெட்டு கட்டை மடிச்சிட்டு, தலைய நிமித்தி, எதேச்சையா உள்கண்ணாடியப் பாத்தேன்.

கண்ணு மூடியிருந்துச்சு சார்.

சிமிட்டுறாருன்னு நெனச்சேன். தொறக்கும் தொறக்கும்னு பாக்கறேன், தொறக்கல. இப்பதான ஹாரன் அடிச்சாரு, தூங்கறவரு எப்படி அடிப்பாரு. வாயில இருந்த விசில திரும்ப ஊதுனேன். அவரு கை ஹாரனுக்குப் போச்சு, பாம். கண்ணு மூடித்தான் இருக்கு. இன்னும் ஒரு விசில். பாம். நான் ஊத ஊத அவரு பதில் சொல்றாரு. ஆளு தூங்கிட்டாரு, கை மட்டும் முழிச்சிக்கிட்டு எனக்குப் பதில் சொல்லுது. வண்டி மெதுவா எடதுபக்கம் எறங்குது, சோளத்துப் பக்கமா. அங்க ஒரு பொம்பளை குனிஞ்சு காலால சோளத்தைத் தள்ளிக்கிட்டிருக்கா. செவப்புச் சேலை, தலையில துண்டு. முதுகு எங்க பக்கம்.

கத்தியிருக்கலாமேங்கறீங்க. தோளப் புடிச்சு உலுக்கியிருக்கலாமேங்கறீங்க. நானும் மூணு நாளா என்னை அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். வாயிலேருந்த விசில எடுக்கத் தோணல சார். கை கம்பியப் புடிச்சது விடல. ஒடம்புல வேலை செஞ்சது மூச்சு ஒண்ணுதான், அது விசில்ல போய்க்கிட்டே இருந்துச்சு. நான் பேயா ஊதுறேன், அவரு பாம் பாம் பாம்ங்கறாரு. அந்தச் சத்தத்துக்குத்தான் அவ திரும்புனா. திரும்பிப் பாத்து, சோளத்தை அப்படியே போட்டுட்டு ரோட்டோர வாய்க்காலுக்குள்ள குதிச்சா. அவ நின்ன எடத்துல வண்டி ஏறுச்சு. கல்லு தெறிச்சு, சோளம் டயருக்கடியில சடசடன்னு நொறுங்கிச்சு. அந்தச் சத்தத்துலதான் அண்ணன் கண்ணு தொறந்துச்சு. ஸ்டேரிங்க ஒரு ஒடி ஒடிச்சு ரோட்டுக்கு வந்துட்டாரு.

வந்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா சார். "ரோட்டுல கொட்டி உசுர வாங்குறாளுங்க கலியா. எத்தனை ஹாரன் அடிச்சேன், காதுல வாங்குனாளா பாரு"ன்னாரு.

அவருக்குத் தெரியல. தான் தூங்குனதே அவருக்குத் தெரியல. பின்னாடி முழிச்சவங்களும் சோளத்து மேல ஏறிட்டான்னுதான் நெனச்சாங்க, தெனம் எவனாவது ஏத்துறதுதான. அந்தப் பொம்பளை வாய்க்காலுக்குள்ள நின்னுக்கிட்டு மண்ணை வாரித் தூத்துனா. நான் மட்டும்தான் பாத்தேன். அண்ணன் அப்புறம் பெட்டியக் காமிச்சு, "இதுகூட ஒரு வார்த்தை சொல்லல பாரு, தப்பு நம்ம மேல இல்ல"ன்னாரு.

அன்னிலேருந்து நான் பின்னாடி போறதில்ல. டிக்கெட்டு போட்டதும் ஓடி வந்து இந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். வாய் ஓயாம பேசுவேன். என்னடா இப்பிடிப் பேசுறேன்னு அண்ணனே அலுத்துக்கறாரு. கண்ணாடில அவரு கண்ண மட்டும் பாப்பேன். நீங்க சொன்னது அத்தனையும் வருது சார். சித்தேரிமேட்டு ஸ்டாப்பு வரைக்கும் தத்துது. அதுக்கப்புறம் நிக்குது. சைடு கண்ணாடிப் பக்கமே போக மாட்டேங்குது. மூடுனா, தொறக்கறதுக்குள்ள ரெண்டு எலட்ரிக் கம்பம் போயிருது. தொறந்தாலும் முட்டைக் கண்ணா வெறிச்சிக்கிட்டு எதையும் பாக்காம நிக்குது. உடனே எதையாவது கீழ போட்டு சத்தம் பண்ணுவேன். நேத்து சில்லறைப் பையவே கொட்டுனேன். ராத்திரியில எனக்கும் தூக்கமில்ல. கண்ண மூடுனா செவப்புச் சேலைதான் வருது. தூக்கத்துல விசில் அடிக்கிறீங்கன்னு வளர்மதி எழுப்புறா. அதனால என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், எனக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான் ஏதாவது பண்ணணும்.

அதான் கேக்கறேன். பொட்ட உரிச்சிருங்க. உரிச்சிட்டு, ஒயரு அந்துபோயிருந்துச்சுன்னு எழுதுங்க. அண்ணங்கிட்டயும் அப்படியே சொல்லிருங்க. பொட்டு வெச்சது நான்னு அவருக்குத் தெரியவேண்டாம். எம்மேல நம்பிக்கை வெச்சு பதினோரு வருசமா முதுகக் காட்டி உக்காந்திருக்காரு சார்.

ஒயருன்னா, தான் தூங்குனது அவருக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? அது, பெட்டி திரும்பக் கத்த ஆரம்பிச்சா அவரே புரிஞ்சிக்குவாரு. இன்னிக்கு ட்ரிப்புலயே கத்துமே. கத்துறதுக்குள்ள ஒண்ணு ஆயிட்டாங்கறீங்களா.

அப்படிக் கேக்காதீங்க சார்.

சரி, உரிங்க. டிரைவர் சீட்ல யாராவது உக்காந்தாத்தான் டெஸ்ட் பண்ண முடியுமா? நானே உக்கார்றேன். சாவி போட்டாச்சு. பாத்து உரிங்க, நகத்தால எடுங்க, பசை ஒட்டிக்கும். வந்துருச்சா? இப்ப பாக்குதா அது? என்னையவா பாக்குது? சும்மா நேரா பாக்கட்டுமா. சரி. சரி.

என்ன சார் கத்துது. ஏன் கத்துது. ஓட்டவே இல்லையே, உக்காந்துதான இருக்கேன். கண்ணு மூடல சார், நான் எங்க மூடுனேன். ரெண்டு தடவ மூடுனேனா. டேக் ரெஸ்ட்டாம், என்னையச் சொல்லுது.

அண்ணே. வாங்கண்ணே. எப்ப வந்தீங்க. சாப்ட்டீங்களா. சிரிக்காதீங்கண்ணே, அது என்னமோ டெஸ்ட்டு. ஆமா, எனக்குத்தான் தூக்கமாம். உங்களுக்கு ஒண்ணும் சொல்றதில்ல, எனக்குச் சொல்லுது. ஆமாண்ணே.

இல்லண்ணே. இருங்க. சீட்டுல உக்காராதீங்க. படியிலயே நில்லுங்க, நான் சொல்லிர்றேன். சார், நீங்க சொல்லாதீங்க, ஒயருன்னு சொல்லிராதீங்க, நானே சொல்றேன். அண்ணே, இந்தப் பெட்டி ரெண்டு வாரத்துக்கு மேல குருடா இருந்துச்சு. நான்தான் பொட்டு வெச்சு மூடுனேன். இந்தா, பொட்டு, சார் வெரல்ல இருக்கு பாருங்க. நீங்க சோத்தைக் குறைச்சதுனால இல்லண்ணே. மீன் கொழம்புனால இல்ல. திங்கக்கிழமை சோளத்துக்கிட்ட நீங்க தூங்கிட்டீங்க. நான் பாத்தேன். கண்ணு மூடியிருந்துச்சு. மூணு நாளா சொல்லாம உங்களோட போய்க்கிட்டிருக்கேன். என்னை அடிங்கண்ணே, ஏதாவது சொல்லுங்க.

சார், கேட்டீங்களா என்ன கேக்கறாருன்னு. அப்ப ஹாரன் அடிச்சது யாருன்னு கேக்கறாரு.

நீங்கதாண்ணே. நீங்கதான் அடிச்சீங்க. நான் விசில் விட்டேன், உங்க கை அடிச்சுது. சத்தியமாண்ணே. வளர்மதி மேல சத்தியம்.

கையப் பாக்கறாரு சார். யாரோ ஒருத்தர் கையப் பாக்கற மாதிரி பாக்கறாரு. அண்ணே, சாவிய உருவி ஏன் எங்கிட்ட குடுக்கறீங்க. போங்க, பின்னாடி நீளச் சீட்ல படுங்க. முதலாளி என்ன சொன்னாலும் நான் பேசிக்கறேன், வேலைய விட்டுப் போகச் சொன்னா போறேன். நீங்க படுங்க. துண்டைத் தலைக்கு வெச்சிக்கோங்க.

அம்மா, ஏறாதீங்க. இந்த வண்டி போகாது. ஆமாம்மா, ரிப்பேரு. ஏறுனவங்களும் எறங்குங்க, அடுத்த வண்டி அந்தா நிக்குது. பெரியவரே, பையப் பாத்து எடுங்க.

பாத்தீங்களா சார், படுத்த ஒடனே தூங்கிட்டாரு. ஒரு நிமிசம் ஆகல. எத்தனை நாளு தூக்கமோ. செருப்பக்கூடக் கழட்டல. இருங்க, அந்த வண்டிக்காரன் கெளம்புறான், நம்ம ஜனங்க ஏறட்டும், நிறுத்தச் சொல்றேன். இந்த விசில எடுத்து ஒரு ஊது ஊதுனா நின்னுருவான்.

சார். பின்னாடி பாருங்க. கண்ணு மூடித்தான் இருக்கு. நான் அந்த வண்டிக்குத்தான் ஊதுனேன். அண்ணனோட வலது கையப் பாருங்க சார், எந்திரிச்சு வந்து காத்துல ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் திரும்ப நெஞ்சு மேல படுத்துக்கிச்சு. இந்தாங்க, இந்த விசில நீங்க வெச்சிக்கோங்க. அவரு முழிக்கிற வரைக்கும் எங்கிட்ட குடுக்காதீங்க.